அயனம்பாக்கம் மாடியில் மஞ்சளான முட்டைக்கோஸ்

யாழினி, கதிர், இது உங்கள் இருவருக்கும்தான். போன வாரம் சாப்பிடும்போது கதிர் கேட்டான்: "மாடியில போய் மண்ணு கொட்டிட்டு வர்றதுல என்னப்பா அப்படி வேலை?" வாயில் சோறு இருந்ததால் அப்போது பதில் சொல்லவில்லை. சோறு இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேனா, தெரியாது. பேச்சில் எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. பத்தாவதோடு படிப்பு நின்றது. அதனால் பார்த்த ஒரே ஒரு வேலையை, நடந்தது நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

1. ஏறிய அன்றே ஒரு நிபந்தனை

நான் பூந்தமல்லி பக்கம் ஒரு நர்சரியில் வேலை செய்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். யாராவது மாடித்தோட்டம் வேண்டும் என்று கேட்டால் பை, மண்கலவை, விதை எல்லாவற்றையும் கொண்டுபோய் இறக்கி, அமைத்துக் கொடுத்து, அறுவடை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருவது என் பொறுப்பு. முதலாளி ஏகாம்பரம் என்னை அனுப்பும்போதெல்லாம் ஒரே வார்த்தைதான் சொல்வார். "செடி செத்துச்சின்னா கஸ்டமரும் செத்தான் நைனா. திரும்பி நம்ம பக்கம் வரவே மாட்டான். பாத்து செய்."

அது புரட்டாசி முடிகிற நேரம். குளிர்காலக் காய் போடுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் அப்போதுதான் தொடங்க வேண்டும். அதற்கு முன்னால் வெயில், அதற்குப் பின்னால் மழை; நடுவில் கிடைக்கிற சந்து அது. அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீடு. கூப்பிட்டவர் பெயர் கோகிலா. கோத்தகிரிப் பக்கத்துப் பெண். அவர் கணவருக்கு அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணத்துக்கு முன்பு வரை கோகிலா சொந்த நிலத்தில் கோஸும் கேரட்டும் போட்டு, மூட்டை பிடித்து, லாரியில் ஏற்றி அனுப்பியவர். மலைக்காய்களில் எனக்கே பாடம் எடுக்கக்கூடியவர். ஆனால் மாடியும், பையும், சென்னை வெயிலும் அவருக்குப் புதிது.

"சும்மா உக்காந்துட்டு இருந்தா எனக்கு சோறே எறங்க மாட்டீங்குதுங்ண்ணா. இந்த மாடிய விட்டா எனக்கு இங்க வேற இடமில்லீங்க" என்றார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டடத்தின் செகரட்டரி மேலே ஏறி வந்தார். தாமோதரன் சார். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் பேச்சு மாறவில்லை. அவர் வீடு இந்த மொட்டைமாடிக்கு நேர் கீழே. போன மழைக்கு அவர் படுக்கையறைச் சீலிங்கில் ஈரம் இறங்கியிருந்தது. அதனால் பையைப் பார்த்ததும் அவர் எரிச்சல்பட்டதில் நியாயம் இருந்தது.

"இங்க பாரும்மா, அசோசியேஷன் மீட்டிங்ல எல்லாரும் சரின்னுட்டாவ, நானும் சரின்னுட்டேன். ஆனா தலைக்கு மேல தண்ணிய வச்சுகிட்டு தூங்கப் போறது நான்லா? பொங்கல் வரைக்கும் பாக்கேன். அதுக்குள்ள தளத்துக்கு ஒரு சேதாரம்னு வந்துட்டு, இல்ல இதுல உருப்படியா ஒண்ணும் வெளையலைன்னு வைய்யி, பொங்கலுக்கு மறுநாளே எல்லாப் பையும் கீழ எறங்கிரணும். பொறவு அந்தப் பேச்சே கூடாது."

கோகிலா தலையாட்டினார். எனக்குத்தான் திக்கென்றது. குளிர்காலக் காய்க்குப் பொங்கல் என்பது அவசரக் கெடு. ஏதாவது ஒன்று தவறினால் திருத்த நாள் இருக்காது.

நான் முதலில் பார்த்தது தண்ணீர் வெளியேறுகிற ஓட்டையை. மாடியின் மூலையில் இருக்கும் அந்தக் குழாய் வாயில் ஒரு பேட்மின்டன் பூப்பந்து, கிழிந்த பட்டம், முருங்கை இலை, சேறு, எல்லாம் சேர்ந்து கெட்டியாக அடைத்திருந்தது. கையை விட்டு எடுத்துப் போட்டேன். "தினமும் தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி இத ஒரு பார்வை பாத்துடுங்கம்மா. இங்க தண்ணி நின்னா சார் நம்மள நிக்க விடமாட்டார்." அவர் அதையும் கேட்டுக்கொண்டார்.

விதையில் ஒரு சின்ன வாக்குவாதம் வந்தது. ஊரிலிருந்து காலிஃபிளவர் விதை கொண்டுவந்திருந்தார். மலை ரகம் நல்ல குளிர் பட்டால்தான் பூ கட்டும், இங்கே இலை மட்டும் தள்ளும் என்றேன்.

"ஏனுங்ண்ணா, மார்கழியில இங்க குளுராதுங்ளா?"

"குளிரும்மா. எங்க ஆளுங்க ஸ்வெட்டர், குல்லா எல்லாம் போடுவாங்க."

"இதுக்கா ஸ்வெட்டரு!" என்று சிரித்தார். அப்புறம் முட்டைக்கோஸ், நூக்கோல், பீட்ரூட் மூன்றிலும் வெயில் தாங்குகிற ரகங்களை என்னிடமே வாங்கிக்கொண்டார். காலிஃபிளவரை மட்டும் விடவில்லை. இரண்டு பையில் தன் விதையையே போடுவேன் என்றார். சரி என்றேன்.

மண்கலவையைக் கொட்டிவிட்டுப் பை நிரப்ப உட்கார்ந்தேன். "அத நானே பாத்துக்கறேனுங்ண்ணா, நீங்க வேற ஊட்டுக்குப் போறதுன்னா போங்க" என்றார். மண்ணை அள்ளி, உள்ளங்கையில் நசுக்கி, மோந்து பார்த்த விதத்திலேயே தெரிந்தது, பழகிய கை. நம்பி இறங்கிவிட்டேன்.

2. மேல் இலையா, கீழ் இலையா

நாற்று நன்றாக வந்தது. பெருமழையில் அடிபடாமல் இருக்கப் பச்சை வலை கட்டிக் கொடுத்தேன். நாற்றைப் பிடுங்கிப் பெரிய பையில் நட்ட பிறகுதான் வினை ஆரம்பித்தது. கார்த்திகையில் ஒருநாள் கோகிலா போன் செய்தார். கோஸ் மஞ்சளாகிறது.

போய்ப் பார்த்தேன். செடி வளராமல் நின்ற இடத்திலேயே நின்றது. வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "என்ன உரம் போட்டீங்க?"

"மாட்டுச் சாணி எரு மட்டுந்தானுங்க. நீங்க குடுத்தது."

பசியாக இருக்கும் என்று நினைத்துக் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துத் தெளிய ஊற்றச் சொன்னேன். ஒரு வாரம் கழித்துப் போனால் இன்னும் மோசம். போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகமோ என்று சந்தேகம் வந்தது. ஒரு டிரம் வைத்து மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றச் சொன்னேன். அதற்கும் செடி அசையவில்லை. வெந்தயக்கீரை போட்டிருந்த ஒரே ஒரு தொட்டி மட்டும் பச்சைப் பசேலென்று இருந்தது. எல்லாவற்றுக்கும் அதே தண்ணீர்தான்.

நர்சரிக்குத் திரும்பி முதலாளியிடம் சொன்னேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மஞ்சளா கீது, மஞ்சளா கீதுன்னு சொல்லிகினு வந்து நிக்கிறியே, எந்த எலைடா மஞ்சளு? மேல் எலையா, கீழ் எலையா?"

"மேலதாண்ணே. குருத்துப் பக்கம். நரம்பு மட்டும் பச்சையா இருக்கு."

"அப்ப இன்னாத்துக்கு புண்ணாக்கு ஊத்துன? கீழ் எலை மஞ்சளானா செடிக்குப் பசி. மேல் எலை மஞ்சளாகி நரம்பு பச்சையா நின்னா சோறு கீது, வாயத் தொறக்க முடியல. மண்ணுல எதுவோ வாயக் கட்டிகீது. அது இன்னான்னு கண்டுபுடி. அத வுட்டுட்டு தொரை விருந்து வச்சினு கீறாரு!"

பக்கத்தில் நாற்று எண்ணிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு உறைத்தது. ஆனால் அந்த மேல் இலை கீழ் இலைக் கணக்கை அதற்கப்புறம் நான் மறந்ததே இல்லை. இரும்புச் சத்து செடிக்கு ஏறாமல் போனால் அப்படித்தான் இருக்கும். மண்ணில் இரும்பு இருந்தும் ஏறவில்லை என்றால் மண்ணின் குணம் மாறியிருக்க வேண்டும். நான் கொடுத்த மண்ணின் குணம் எனக்குத் தெரியும். மற்ற வீடுகளில் அதே மண்ணில் செடி நன்றாக இருக்கிறது. இங்கே மட்டும் என்ன?

3. தளத்தில் வெள்ளைக் கோடு

பதில் கிடைப்பதற்குள் ஒரு பெருமழை வந்தது. மழை விட்ட காலையில் செகரட்டரியே எனக்குப் போன் செய்தார்.

"மூர்த்தி, உடனே கெளம்பி வாரும். உம்ம செடி எங்க தளத்தத் தின்னுட்டு."

போனேன். மாடியில் கோகிலா சுவரோரம் நின்றிருந்தார். முகம் வாடியிருந்தது. செகரட்டரி தளத்தைக் கைகாட்டினார். பை வரிசையிலிருந்து மூலை ஓட்டை வரைக்கும் ஓடுகளின் மேல் வெள்ளை வெள்ளையாகக் கோடு இறங்கியிருந்தது.

"சிமென்ட்டு கரைஞ்சு ஓடுது, பாத்தீரா? வேர் உள்ள எறங்கி அரிச்சிருக்கு. முப்பது வருஷம் பேக்டரில இருந்தவன்யா நான், எனக்குத் தெரியாதா? பொங்கலாவது ஒண்ணாவது. இந்த ஞாயித்துக்கெழமையே எல்லாத்தையும் எறக்கிரும்."

"சார், நாலு நாளாச்சும்…" என்று கோகிலா ஆரம்பித்தார்.

"நாலு நாள்ல என் சீலிங் தலையில விழுந்தா நீயா வந்து தூக்குவ?"

நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். கோபமாக இருக்கிறவர்கள் முன்னால் குனிந்து ஏதாவது வேலை செய்தால் கொஞ்சம் நேரம் கிடைக்கும். ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போனேன். அது ஒரு கோஸ் பையின் அடித்துளையில் போய் முடிந்தது. இன்னொன்று நூக்கோல் பையில் முடிந்தது. பை எல்லாம் செங்கல் மேல் இருந்தன; ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன், அடியில் ஓடு கீறல் இல்லாமல் இருந்தது. வேர் வெளியே வரவே இல்லை. வெந்தயக்கீரைத் தொட்டியின் அடியிலிருந்தும் தண்ணீர் ஓடியிருந்தது. ஆனால் அந்தத் தடத்தில் வெள்ளை இல்லை.

பச்சையாக இருப்பதும் அந்தத் தொட்டிதான். வெள்ளை இல்லாததும் அந்தத் தொட்டிதான்.

"அம்மா, இந்தக் கீரைத் தொட்டியில மண்ணு யார் ரொப்பினது?"

"நீங்கதானுங்ண்ணா. அப்புறமா ஒருநாள் கொண்டாந்து அப்படியே வச்சிட்டுப் போனீங்கல்ல?"

"சரி. மத்த பையெல்லாம் நீங்க ரொப்பினீங்க. அன்னிக்கு நான் இறங்கிப் போன பிறகு என்னென்ன செஞ்சீங்க? உரத்தை விடுங்க. கையால செஞ்சது எல்லாத்தையும் வரிசையாச் சொல்லுங்க."

அவர் யோசித்துச் சொன்னார். "மண்ண சாக்குல கொட்டி ஒணத்துனேன். கட்டிய ஒடச்சேன். கல்லு பொறுக்குனேன். அப்புறம் சுண்ணாம்பு கலந்தேன். தண்ணி தெளிச்சு மூடி வச்சேன். அப்புறம்…"

"நில்லுங்க. என்ன கலந்தீங்க?"

"சுண்ணாம்புங்க."

"நான் அன்னிக்குக் கேட்டப்ப எருவு மட்டும்தான்னு சொன்னீங்களே?"

"நீங்க என்ன உரம் போட்டீங்கன்னுதானுங்ளே கேட்டீங்க? சுண்ணாம்பு உரமாங்ண்ணா? அது மண்ணு தயார் பண்றதுல சேந்ததுங்க. எங்கூர்ல கோஸ் போடறதுன்னா மொதல்ல சுண்ணாம்புதான். போடலீன்னா வேரு கட்டி கட்டியா வீங்கி, காடே படுத்துரும்."

அவர் சொன்னது சரி. மலை மண் புளித்த மண், அமிலம் கூடியது. அங்கே கோஸுக்கு வேர் வீங்குகிற நோய் வரும். சுண்ணாம்பு போட்டால் மண் சமமாகும், நோயும் அடங்கும். அவர் அம்மா செய்தார், அவர் செய்தார், ஊரே செய்கிறது. நம் பக்கத்து மண்ணும் போர்வெல் தண்ணீரும் ஏற்கெனவே சுண்ணாம்புக் குணம். அதன் மேல் இன்னும் போட்டால் செடியின் வாய் கட்டிப்போகும்.

"எந்தச் சுண்ணாம்பும்மா?"

"இங்க எங்க கெடைக்கும்னு தெரியல. பெயின்ட் கடையில வாங்கினேனுங்க."

செகரட்டரி திரும்பினார். "பெயின்ட் கடையிலயா? வெள்ளையடிக்கிற சுண்ணாம்பா?"

"ஆமாங்க சார்."

நான் ஒரு துணியை நனைத்துக் கோட்டின் மேல் அழுத்தித் தேய்த்தேன். பாதி வந்தது. தேங்காய் நார் வைத்துத் தேய்த்ததும் மீதியும் வந்தது. கீழே ஓடு அப்படியே இருந்தது. செகரட்டரி குனிந்து, விரலால் தடவிப் பார்த்து, விரலை முகர்ந்தும் பார்த்தார்.

"அடப்பாவி. அப்ப இத்தன நாளா என் தளத்துக்கு நீ வெள்ளையடிச்சிட்டுக் கெடந்திருக்க!"

கோகிலாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"சரி. ஞாயித்துக்கெழமை வேண்டாம். ஆனா பொங்கல் பொங்கல்தான். அதுல மாத்தமில்ல" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

4. திருத்திய விதம்

மண்ணில் கலந்த சுண்ணாம்பைத் திரும்ப எடுக்க முடியாது. மண்ணைத்தான் மாற்ற வேண்டும். வெயில் சாய்ந்த பிறகு ஒவ்வொரு செடியையும் வேர் மண்ணோடு எடுத்தோம். பழைய கலவையைக் கொட்டிவிட்டு, தேங்காய் நார்த்தூளும் மக்கிய எருவும் செம்மண்ணும் கலந்து புதிதாக நிரப்பினோம். இந்தத் தடவை இரண்டு பேருமாக நிரப்பினோம். அன்னபேதி என்று நாட்டு மருந்துக் கடையில் ஒரு பச்சை உப்பு கிடைக்கும். அது இரும்பு உப்பு. கொஞ்சமாக எடுத்து, இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்ட தண்ணீரில் கரைத்து, காலையில் இலை மேல் தெளித்தோம். ஊற்ற மழைத் தண்ணீர் மட்டும்.

சில கோஸ் செடிகள் பிழைக்கவில்லை. காலியான பைகளில் என்ன போடலாம் என்று கேட்டார். மறுபடியும் கோஸ் போட்டால் பொங்கலுக்கு வராது. முள்ளங்கி போடச் சொன்னேன். சீக்கிரம் வருகிற காய் அது, இந்தப் பக்கத்து மார்கழி அதற்குப் போதும்.

"முள்ளங்கிய எல்லாம் எங்கூர்ல ஒரு காயாவே மதிக்க மாட்டோமுங்க" என்றார்.

"இப்ப அது மதிச்சாதாம்மா நமக்கு மானம்" என்றேன்.

குருத்தில் பச்சை திரும்பிய அன்று காலையில் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். எழுத்து எதுவும் இல்லை, வெறும் இலை. முதலாளியிடம் காட்டினேன். "வாயத் தொறந்துச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு டீயைக் குடித்தார்.

நடுவில் அசுவினிப் பூச்சி வந்தது, வேப்பெண்ணெய் அடித்தோம். மார்கழியில் எதிர்பாராமல் ஒரு நாள் முழுக்க மழையும் கொட்டியது. அன்றைக்குச் செகரட்டரியிடமிருந்து போன் வரும் என்று நான் வேலை ஓடாமல் செல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. அது நல்லதா கெட்டதா என்று எனக்கு விளங்கவில்லை.

5. பொங்கல்

பொங்கலன்று என்னையும் வரச் சொல்லியிருந்தார் கோகிலா. காலையிலேயே காய்களைப் பறித்துத் தாம்பாளத்தில் அடுக்கியிருந்தார். முள்ளங்கி விரல் தடிமனைத் தாண்டியிருந்தது. நூக்கோல் உருண்டையாக, வெளிர் பச்சையாக, பார்க்கவே அழகாக இருந்தது. பீட்ரூட் சின்னதுதான். கோஸ் இன்னும் உருண்டை கட்டிக்கொண்டிருந்தது. அவருடைய காலிஃபிளவர் இரண்டும் முறம் முறமாக இலை விரித்து நின்றன. பூ இல்லை.

"ஸ்வெட்டர் பத்தலீங்ண்ணா" என்றார்.

செகரட்டரி வேட்டி கட்டி, நெற்றியில் விபூதியோடு ஏறி வந்தார். கோகிலா தாம்பாளத்தை நீட்டினார். அவர் அதை வாங்கவில்லை. நேராகக் குனிந்து தளத்தைப் பார்த்தார். பைக்கு அடியில் பார்த்தார். பிறகு மூலைக்குப் போய் அந்த ஓட்டையைப் பார்த்தார். துடைத்துவைத்ததுபோல் சுத்தமாக இருந்தது.

"இத யாரு கிளீன் பண்ணுதது?"

"நாந்தானுங்க சார். காலையில தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி."

"தெனமுமா?"

"ஆமாங்க. அண்ணன் மொத நாளே சொல்லிட்டாருங்க."

"ரெண்டு பேரும் கீழ வாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

எதற்கு என்று தெரியாமல் பின்னாலேயே போனோம். படுக்கையறைக்குக் கூட்டிப்போய் சீலிங்கைக் காட்டினார். போன வருஷத்து ஈரத்தின் பழுப்பு வட்டம் பழைய கறையாக இருந்தது. சுற்றிலும் காய்ந்திருந்தது.

"மார்கழில அந்த மழ பேஞ்சுதே, அன்னைக்கு ராத்திரி பூரா இதப் பாத்துகிட்டே படுத்துக் கெடந்தேன். ஒரு சொட்டு எறங்கல. இத்தன வருஷத்துல இந்த வருஷந்தான் மொதத் தடவ. மேல தண்ணி நிக்கல, அதான் சங்கதி. அந்த ஓட்டை அடைஞ்சு கெடந்ததுதான் எனக்கு வினையா இருந்திருக்கு. அசோசியேஷன்ல ஒருத்தனாவது போய்ப் பாத்தானா? நானும் பாக்கல. காரணம் தெரியாம செடியப் பிடிச்சு ஏசிட்டேன்."

அப்புறம்தான் தாம்பாளத்தை வாங்கினார். ஒரு நூக்கோலை எடுத்து உருட்டிப் பார்த்து, "இத என்ன செய்ய, சாம்பார்லயா போட?" என்று கேட்டார்.

கோகிலா செய்முறை சொல்லிக்கொண்டிருந்தார். கேட்க வேண்டிய கேள்வி பாக்கி இருந்தது. நான்தான் கேட்டேன். "சார், நாளைக்குப் பையை எல்லாம்…?"

"பையா? அது கெடக்கட்டும். பின்பக்க மூலையில இன்னொரு ஓட்டை இருக்குலா, அதும் அடைஞ்சுதான் கெடக்கு. அங்கன நாலு பைய வைங்க. அப்பதான் நீங்க தெனமும் அந்தப் பக்கம் போவிய."

கதிரு, இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். மண் கொட்டுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அது உடம்பு வேலை. மீதி வேலை கேட்கிற வேலை. அன்றிலிருந்து நான் எந்த வீட்டிலும் "என்ன உரம் போட்டீங்க?" என்று தொடங்குவதில்லை. "முதல் நாள்ல இருந்து கையால என்னென்ன செஞ்சீங்க, சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துகொள்கிறேன். எவருக்குமே தான் ஊரில் வழக்கமாகச் செய்வது ஒரு செயலாகவே தெரியாது. நாமாகக் கேட்டாலொழிய அது வாய்க்கு வராது. நீங்கள் இருவரும் என்ன வேலைக்குப் போனாலும் இது உதவும் என்று நினைக்கிறேன்.

கோகிலாவின் மாடியில் இந்த வருஷமும் புரட்டாசியில் விதை போட்டாயிற்று. பின்பக்க மூலையில் நான்கு பை. அவற்றில் முள்ளங்கி. காலிஃபிளவர் விதை மறுபடியும் ஊரிலிருந்து வந்திருக்கிறது.